எக்ஸ்டென்ஷன்களால் பிரவுசர் ரேமை விழுங்கினால் என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப். குரோமில் பதினைந்து டேப் திறந்தாலே ரேம் 90 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது, தட்டும் எழுத்துகள்கூடத் திணறித் திணறித்தான் திரையில் வருகின்றன. எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரோடு நாமாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்கள்) பதினொன்று: விளம்பரத் தடுப்பான் இரண்டு, டார்க் மோட், ஆங்கில இலக்கணம் திருத்துவது, விலை ஒப்பிடுவது, தமிழ்த் தட்டச்சு, ஸ்கிரீன்ஷாட், வீடியோ டவுன்லோடர், பிடிஎஃப் மாற்றி, பாஸ்வேர்டு மேனேஜர், விபிஎன். எல்லாவற்றையும் தூக்கிப்போட மனமில்லை. எதை வைத்துக்கொள்ளலாம், எதை எடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் ஐந்தாறை எடுத்துவிடலாம். மற்றவற்றை நீக்கத் தேவையில்லை, அவை எந்தெந்தத் தளங்களில் இயங்கலாம் என்பதைச் சுருக்கினாலே பெரும்பகுதி சரியாகிவிடும். ஒரு எக்ஸ்டென்ஷன் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ரேம் பெரும்பாலும் சின்னத் தொகைதான். திறந்திருக்கும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் நுழைந்து அங்கே அது எடுத்துக்கொள்வதுதான் பெரிய தொகை. அந்தச் செலவு எக்ஸ்டென்ஷன் பெயரில் எழுதப்படாமல் டேப்பின் பெயரில் எழுதப்படுகிறது. அதனால்தான் பலரும் எக்ஸ்டென்ஷன் பட்டியலைப் பார்த்துவிட்டு “எல்லாம் கொஞ்சம்தானே எடுக்கிறது” என்று விட்டுவிடுகிறார்கள்.

இணையத்தில் தேடினால் பழைய அறிவுரைகள் நிறைய வந்து விழும். ஃபிளாஷை அப்டேட் செய்யுங்கள், ஜாவா ப்ளக்-இன்னை நிறுத்துங்கள், ‘ப்ளக்-இன் கன்டெய்னர்’ என்ற புராசஸை (கணினியில் தனியாக ஓடும் நிரலை) முடித்துவிடுங்கள் என்றெல்லாம் சொல்வார்கள். ஒரு காலத்தில் அவை சரியான அறிவுரைகள். அன்றைய ப்ளக்-இன் என்பது பிரவுசருக்கு வெளியே எழுதப்பட்ட தனி மென்பொருள். பக்கத்துக்குள் ஒரு கட்டத்தை வாங்கிக்கொண்டு அதில் வீடியோவோ கேமோ ஓட்டும். அது எவ்வளவு ரேம் எடுக்கிறது என்பதில் பிரவுசருக்குப் பிடியே கிடையாது. அது முடங்கினால் பிரவுசரும் சேர்ந்து முடங்கும். அதனால் 2010 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3.6.4 அவற்றைத் தனிப் புராசஸில் ஓடவிட்டது. டாஸ்க் மேனேஜரில் பலரும் பார்த்து மிரண்ட ப்ளக்-இன் கன்டெய்னர் அதுதான். குரோம் 2015 செப்டம்பரில் 45ஆம் பதிப்போடு அந்த வகை ப்ளக்-இன்களுக்குக் கதவை மூடியது. ஃபயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் 52ஆம் பதிப்பில் ஃபிளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. அடோபி ஃபிளாஷுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று முடித்துக்கொண்டது. எனவே அந்த அறிவுரைகளில் இன்று உங்களுக்குப் பயன்படுவது எதுவும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இப்போது எந்தத் தளமாவது ‘ஃபிளாஷ் அப்டேட் செய்யவும்’ என்று கேட்டால் அது வைரஸ் இறக்கப் பார்க்கிறது, உடனே டேப்பை மூடிவிடுங்கள்.

இன்று ரேமை எடுப்பது எக்ஸ்டென்ஷன். அதற்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று பின்னணியில் இருப்பது. பிரவுசர் முழுமைக்கும் ஒரே ஒரு பிரதிதான். விளம்பரத் தடுப்பானின் விதிப்பட்டியல், பாஸ்வேர்டு மேனேஜரின் பூட்டிய பெட்டி போன்றவை இங்கே இருக்கும். இன்னொன்று பக்கத்துக்குள் புகுத்தப்படும் நிரல், கன்டென்ட் ஸ்கிரிப்ட் என்பார்கள். “நீங்கள் செல்லும் எல்லா தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி” என்று நிறுவும்போது கேட்கிறதே, அந்த அனுமதியை வைத்துத்தான் இது நடக்கிறது. அனுமதி கொடுத்த ஒவ்வொரு பக்கம் திறக்கும்போதும் அந்த நிரல் புதிதாக ஏற்றப்படும், தனக்கென்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் சூழலை அமைத்துக்கொள்ளும், கூடவே எடுத்துவரும் லைப்ரரிகளையும் (ஆயத்த நிரல் தொகுப்புகளையும்) அந்தப் பக்கத்தின் நினைவகத்திலேயே இறக்கிவைக்கும். ஒரு செய்தித் தளத்தின் பக்கம் என்பது உண்மையில் ஒரே பக்கம் இல்லை. விளம்பரக் கட்டங்கள், பதிக்கப்பட்ட வீடியோ, சமூக வலைத்தளப் பொத்தான் என்று ஒவ்வொன்றும் ஐஃப்ரேம் என்ற தனிச் சட்டத்துக்குள் இருக்கும். எக்ஸ்டென்ஷன் எல்லாச் சட்டங்களிலும் நுழையும்படி எழுதப்பட்டிருந்தால், ஒரு டேப்பிலேயே பத்து முறை ஏறிவிடும்.

கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம். ஒரு எக்ஸ்டென்ஷன் ஒரு சட்டத்துக்கு 3 எம்பி எடுக்கிறது. பதினைந்து டேப், டேப்புக்குச் சராசரியாக நான்கு சட்டம். மொத்தம் 180 எம்பி. இதேபோல ஐந்து எக்ஸ்டென்ஷன்கள் என்றால் 900 எம்பி. 8 ஜிபியில் விண்டோஸும் ஆன்டிவைரஸும் தங்கள் பங்கை எடுத்தபின் மிஞ்சுவதில் இது சின்னத் தொகை இல்லை. எக்ஸ்டென்ஷன் பட்டியலில் இந்த 900இல் ஒரு எம்பிகூடத் தென்படாது.

இது வெறும் ஊகக் கணக்கு இல்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவில் 2011இல் மெம்ஷ்ரிங்க் என்ற பெயரில் ஃபயர்பாக்ஸின் ரேம் செலவைக் குறைக்கும் வேலையைத் தொடங்கினார்கள். அதை முன்நின்று நடத்திய நிக்கோலஸ் நெதர்கோட், 2014 மே மாதத்தில் ஆட்பிளாக் பிளஸ் எக்ஸ்டென்ஷன் ஃபயர்பாக்ஸை என்ன செய்கிறது என்று அளந்து வெளியிட்டார். எந்தப் பக்கமும் திறக்காமலேயே 60 முதல் 70 எம்பி கூடுதல் செலவு. அது விதிப்பட்டியலுக்கான விலை, ஏற்றுக்கொள்ளலாம். சிக்கல் அடுத்ததில் இருந்தது. விளம்பரக் கட்டங்களை மறைப்பதற்காக அந்த எக்ஸ்டென்ஷன் ஒரு பெரிய ஸ்டைல்ஷீட்டை (பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பை) ஒவ்வொரு பக்கத்திலும், பக்கத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு ஐஃப்ரேமிலும் புகுத்தியது. ஒரு பிரதிக்குச் சுமார் 4 எம்பி. டெக்கிரஞ்ச் செய்தித் தளத்தைத் திறந்தபோது எக்ஸ்டென்ஷன் இல்லாமல் 194 எம்பி, அது இருந்தால் 417 எம்பி. நானூறுக்கும் மேற்பட்ட ஐஃப்ரேம்கள் கொண்ட ஒரு பக்கத்தை வைத்துச் சோதித்தபோது 370 எம்பியாக இருந்தது 1,960 எம்பிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் நிறுவப்பட்டிருந்த எக்ஸ்டென்ஷன் ஒன்றே ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். பின்னர் 2015இல் வந்த ஃபயர்பாக்ஸ் 41, ஒரே ஸ்டைல்ஷீட்டைப் பல சட்டங்களுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளும்படி மாற்றப்பட்டதால் அந்தக் குறிப்பிட்ட தொல்லை தீர்ந்தது. ஆனால் ‘சட்டத்துக்கு ஒரு பிரதி’ என்ற கணக்கு எக்ஸ்டென்ஷன் உலகத்தில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பிரவுசரின் சொந்தச் செலவும் இடையில் கூடியிருக்கிறது. 2018இல் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் பலவீனம் வெளிவந்தபின், ஒரு தளத்தின் தரவை இன்னொரு தளம் எட்டிப் பார்க்காதபடி குரோம் 67இல் தளத்துக்கு ஒரு புராசஸ் என்று பிரித்தார்கள். அதற்கு 10 முதல் 13 சதவீதம் கூடுதல் ரேம் ஆகும் என்று கூகுளே சொன்னது. பாதுகாப்புக்கான அந்தச் செலவில் கைவைக்க வேண்டாம், அதை அணைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றவும் வேண்டாம். மறுபக்கம் 2020இல் குரோம் 80 ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினின் நினைவகத்தைச் சுருக்கி நன்றாகவே மிச்சம் பிடித்தது. பிரவுசர் எழுதுபவர்கள் தங்கள் பங்கைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். நம் கையில் இருப்பது எக்ஸ்டென்ஷன்.

சரி, அளப்பதற்கு வருவோம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அங்கே குரோம் என்ற ஒரே பெயரில் இருபது முப்பது வரிகள் இருக்கும், எது டேப், எது எக்ஸ்டென்ஷன் என்று தெரியாது. குரோமுக்குள்ளேயே ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு எஸ்கேப்பைத் தட்டினால் திறக்கும், மூன்று புள்ளி மெனுவில் மோர் டூல்ஸ் வழியாகவும் போகலாம். எட்ஜிலும் அதே குறுக்குவிசைதான். மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும். பெரும்பாலான எக்ஸ்டென்ஷன்கள் அவற்றின் பெயரோடு அங்கே வரும். தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ஜாவாஸ்கிரிப்ட் மெமரி என்பதையும் இயக்கிக்கொள்ளுங்கள். ஒரு சாதாரணச் செய்திப் பக்கத்தின் டேப்பில் இந்த எண் எதிர்பாராத அளவு பெரிதாக இருந்தால், பக்கத்தின் சொந்த நிரலோடு எக்ஸ்டென்ஷன்கள் புகுத்தியதும் அதில் சேர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பார்க்கும்போது ஒரு விஷயம் குழப்பலாம். சில எக்ஸ்டென்ஷன்களின் வரி தோன்றும், அரை நிமிடத்தில் மறையும், பிறகு மறுபடி வரும். அது கோளாறு இல்லை. மேனிஃபெஸ்ட் வி3 என்ற புதிய விதிமுறையில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்களின் பின்னணி நிரல், வேலை எதுவும் இல்லாமல் 30 விநாடி கடந்தால் நிறுத்தப்பட்டுவிடும். அந்த நேரத்துக்கு அதன் பின்னணிச் செலவு இல்லை. பழைய வி2 முறையில் பெரும்பாலானவை பிரவுசரைத் திறந்தது முதல் மூடும்வரை உட்கார்ந்தே இருக்கும். குரோமில் 2024 ஜூன் முதல் வி2வைப் படிப்படியாக நிறுத்தி, 2025இல் முழுவதும் எடுத்துவிட்டார்கள். எக்ஸ்டென்ஷன் நிர்வாகப் பக்கத்தில் மேல் வலது மூலையில் டெவலப்பர் மோடை இயக்கிப் பாருங்கள். பின்னணி நிரல் உள்ள ஒவ்வொன்றின் பெட்டியிலும் அந்த நிரலைக் குறிக்கும் சர்வீஸ் வொர்க்கர் என்ற பெயர் இருக்கும், பக்கத்தில் ‘இன்ஆக்டிவ்’ என்று எழுதியிருந்தால் அது தூங்குகிறது. எந்தப் பக்கத்தையும் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டபின்னும் தூங்காத எக்ஸ்டென்ஷன் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு சர்வருடன் தொடர்பை விடாமல் அது பிடித்துக்கொண்டிருக்கலாம். விபிஎன், பாஸ்வேர்டு மேனேஜர் அப்படி இருந்தால் நியாயம் உண்டு. விலை ஒப்பிடும் எக்ஸ்டென்ஷன் அப்படி இருந்தால் நியாயம் இல்லை.

இனி டேப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் செலவு. இதை நேரடியாகக் காட்டும் பட்டன் இல்லை, ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்காக்னிட்டோ சாளரத்தில் எக்ஸ்டென்ஷன்கள் இயங்காது, நீங்களாக அனுமதித்தால் ஒழிய. ஆகவே தினமும் பார்க்கும் ஐந்து தளங்களைச் சாதாரணச் சாளரத்தில் திறந்து, இரண்டு நிமிடம் விட்டு, குரோமின் டாஸ்க் மேனேஜரில் அந்த ஐந்து டேப்பின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மூடிவிட்டு அதே ஐந்தையும் இன்காக்னிட்டோவில் திறந்து மறுபடி குறியுங்கள். டேப்புக்கு டேப் வரும் வித்தியாசம்தான் எக்ஸ்டென்ஷன்கள் பக்கத்துக்குள் எடுத்துக்கொண்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவுக்கு வரக்கூடாது. இன்காக்னிட்டோவில் விளம்பரத் தடுப்பானும் இயங்காது என்பதால், விளம்பரங்கள் எல்லாம் இறங்கி டேப் இன்னும் பெரிதாகக்கூடும். விளம்பரம் மிகுந்த செய்தித் தளங்களில், நன்றாக எழுதப்பட்ட தடுப்பான் தான் எடுப்பதைவிட அதிகமாகவே மிச்சம் பிடித்துத் தரும். ஆகவே தடுப்பான் ஒன்றை மட்டும் இன்காக்னிட்டோவிலும் அனுமதித்துவிட்டு ஒப்பிடுங்கள். அப்போதுதான் மற்றவற்றின் உண்மைச் செலவு தெரியும். அப்புறம் வேண்டுமானால் சாதாரணச் சாளரத்தில் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் டேப்புகளை ரீலோட் செய்ய வேண்டும், ஏற்கெனவே ஏறிய நிரல் ரீலோட் செய்தால்தான் வெளியேறும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அணைத்தேன், எண் மாறவில்லை, ஆக அது காரணமில்லை என்று விட்டுவிடுவார்கள்.

இனி உங்கள் பதினொன்றைப் பார்ப்போம்.

விளம்பரத் தடுப்பான் இரண்டு என்பது முதலில் போக வேண்டியது. இரண்டும் பல பத்தாயிரம் விதிகள் கொண்ட ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் தனித்தனியாக ஏற்றுகின்றன, இரண்டும் ஒவ்வொரு பக்கத்திலும் நுழைகின்றன. தடுப்பது இரட்டிப்பாகாது, செலவு மட்டும் இரட்டிப்பாகும். சில தளங்கள் ஒழுங்காகத் திறக்காமல் போவதற்கும் இது ஒரு காரணம். குரோமில் என்றால் யூபிளாக் ஆரிஜின் லைட் ஒன்று போதும். அதில் தடுக்கும் வேலையைப் பிரவுசரே செய்கிறது. எக்ஸ்டென்ஷன் தன் விதிகளை முன்கூட்டியே பிரவுசரிடம் ஒப்படைத்துவிடும், அதற்காக எதுவும் நிரந்தரமாகப் பின்னணியில் ஓட வேண்டியதில்லை. முழு யூபிளாக் ஆரிஜின் வேண்டும் என்பவர்கள் ஃபயர்பாக்ஸுக்குப் போகலாம், அது எழுதப்பட்ட வி2 முறைக்கு அங்கே இன்னும் இடம் உண்டு. அதிலும் அமைப்புகளில் இருக்கும் எல்லாப் பட்டியலையும் டிக் அடிக்காதீர்கள். நமக்கு வேண்டாத நாட்டு மொழிப் பட்டியல்கள் இடத்தை மட்டும்தான் அடைக்கும்.

தமிழ்த் தட்டச்சு எக்ஸ்டென்ஷன் இன்று தேவையே இல்லை. எழுதும் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்க அது எல்லாப் பக்கத்திலும் நுழைந்தாக வேண்டும், தமிழில் ஒரு எழுத்தும் அடிக்காத வங்கித் தளத்திலும்கூட. விண்டோஸ் 10இன் 2019 மே அப்டேட்டிலிருந்து ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் ஃபொனெட்டிக் கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது. தமிழ்99 பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவும் இருக்கிறது. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. வேர்டு, வாட்ஸ்அப், எக்செல் எல்லாவற்றிலும் வேலை செய்யும். எழுத்து திணறி வருகிறது என்று நீங்கள் சொன்னதில் இந்த எக்ஸ்டென்ஷனுக்கும் இலக்கணம் திருத்தும் எக்ஸ்டென்ஷனுக்கும் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம், இரண்டுமே ஒவ்வொரு விசையையும் கவனித்துக்கொண்டிருப்பவை.

விலை ஒப்பிடுவதை நீக்குங்கள். எந்தப் பக்கம் கடைப் பக்கம் என்று தெரிந்துகொள்ள அது எல்லாப் பக்கத்தையும் படிக்கிறது. ரேமைவிட அந்தரங்கம்தான் இங்கே எனக்குப் பெரிய கவலை. ஸ்கிரீன்ஷாட்டுக்கு விண்டோஸ் விசை, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும், எக்ஸ்டென்ஷன் வேண்டாம். பிடிஎஃப் மாற்றியில் பெரும்பாலும் தேவைப்படுவது பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்குவதுதான், அது பிரிண்ட் சாளரத்தில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ என்று இருக்கிறது. வீடியோ டவுன்லோடர் எந்தத் தளத்தில் வேண்டுமோ அங்கே மட்டும் இருக்கட்டும்.

டார்க் மோட் எக்ஸ்டென்ஷன் கொஞ்சம் விளக்க வேண்டியது. பக்கத்தின் நிறங்களை மாற்ற, அந்தப் பக்கத்தின் ஸ்டைல் விதிகள் அனைத்தையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் மாற்று விதி எழுதி, பக்கம் மாற மாற அதைத் தொடர்ந்து செய்துகொண்டே இருக்க வேண்டும். ரேமும் போகும், பிராசஸரும் உழைக்கும். யூடியூப், கிட்ஹப், விக்கிப்பீடியா போன்ற தளங்களில் சொந்த டார்க் தீமே உண்டு, அங்கே எக்ஸ்டென்ஷனை அணைத்துவிடலாம். கண் கூசும் இரண்டு மூன்று தளங்களில் மட்டும் அது இயங்கினால் போதும்.

இப்படி இடம் சுருக்குவது எப்படி என்பதுதான் இந்தப் பதிலில் முக்கியமானது. குரோமில் 2018இல் வந்த 70ஆம் பதிப்பிலிருந்தே இந்த வசதி இருக்கிறது, ஆனாலும் பயன்படுத்துபவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். எக்ஸ்டென்ஷன் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொன்றின் டீடெய்ல்ஸ் பட்டனை அழுத்துங்கள். உள்ளே சைட் ஆக்ஸஸ் என்ற பகுதியில் மூன்று தேர்வுகள் இருக்கும்: ஆன் கிளிக், ஆன் ஸ்பெசிஃபிக் சைட்ஸ், ஆன் ஆல் சைட்ஸ். நிறுவும்போது பெரும்பாலும் மூன்றாவதுதான் அமைந்திருக்கும். ஆன் கிளிக் என்று மாற்றினால், அதன் படத்தை நீங்கள் அழுத்தும்வரை எந்தப் பக்கத்திலும் நுழையாது. ஆன் ஸ்பெசிஃபிக் சைட்ஸ் என்றால் நீங்கள் எழுதித்தரும் முகவரிகளில் மட்டும் நுழையும். வீடியோ டவுன்லோடருக்கு ஆன் கிளிக். இலக்கணம் திருத்துவதற்கு ஜிமெயில், கூகுள் டாக்ஸ், அலுவலகத் தளம் என்று நீங்கள் ஆங்கிலம் எழுதும் இடங்களை மட்டும் கொடுங்கள். டார்க் மோடுக்கும் அப்படியே. பாஸ்வேர்டு மேனேஜரை மட்டும் எல்லாத் தளங்களிலும் விட்டுவிடுங்கள். போலித் தளத்தில் அது பாஸ்வேர்டை நிரப்ப மறுப்பதே பெரிய பாதுகாப்பு, சில எம்பி ரேமுக்காக அதை இழக்கக்கூடாது. எட்ஜிலும் இதே தேர்வுகள் உண்டு. ஃபயர்பாக்ஸில் வி3 முறையில் எழுதப்பட்ட எக்ஸ்டென்ஷன்களுக்கு மட்டும் பெர்மிஷன்ஸ் பகுதியில் தள அனுமதியை எடுக்கலாம்.

இவ்வளவு செய்தபின் ஒப்பீட்டை மறுபடி செய்து பாருங்கள். அப்போதும் காலையில் சரியாக இருந்து மாலையில் ஊதிப்போகிறது என்றால், அது நினைவகக் கசிவு. ஜிமெயில், வாட்ஸ்அப் வெப் போன்றவை ஒருமுறை திறந்தால் நாள் முழுக்க மூடப்படாத பக்கங்கள். உள்ளே செய்திகள் வரும், போகும், பக்கத்தின் துண்டுகள் நீங்கும், புதியவை சேரும். அவற்றைக் கண்காணிக்கும் எக்ஸ்டென்ஷன், நீங்கிப்போன துண்டையும் தன் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் பிரவுசரால் அந்த இடத்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஃபயர்பாக்ஸில் முன்பு இது இன்னும் மோசம். டேப்பையே மூடியபின்னும் எக்ஸ்டென்ஷன் பிடித்திருந்ததால் முழுப் பக்கமும் நினைவகத்தில் கிடந்தது. 2012இல் வந்த ஃபயர்பாக்ஸ் 15, பக்கம் மூடப்பட்டதும் எக்ஸ்டென்ஷனின் பிடியை வலுக்கட்டாயமாக அறுத்துவிடும்படி செய்தது. திறந்தே இருக்கும் பக்கத்தில் அப்படி அறுக்க வழியில்லை. கண்டுபிடிப்பது எளிது: ஊதிய டேப்பை ரீலோட் செய்யுங்கள். எண் சட்டென்று இறங்கி, மணிக்கணக்கில் மறுபடி ஏறினால் கசிவுதான். சந்தேகப்படும் எக்ஸ்டென்ஷனுக்கு அந்த ஒரு தளத்தில் அனுமதியை எடுத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். ஏறவில்லை என்றால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

ஒரு எச்சரிக்கை. ரேமைக் குறைக்கும் எக்ஸ்டென்ஷன் என்று தேடி இன்னொன்றை நிறுவாதீர்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று இருந்தது. பயன்படுத்தாத டேப்புகளை உறங்கவைத்து ரேமை மிச்சம் பிடிக்கும், லட்சக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்தினார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறு ஒருவருக்குக் கைமாற்றினார். 2021 பிப்ரவரியில் அதில் மால்வேர் இருக்கிறது என்று கூகுள் அதைக் குரோமின் எக்ஸ்டென்ஷன் கடையிலிருந்து நீக்கி, நிறுவியிருந்த கணினிகளிலும் முடக்கியது. உறங்கிக்கொண்டிருந்த டேப்புகளைத் திறக்க முடியாமல் பலர் திண்டாடினார்கள். எல்லாத் தளத்திலும் நுழையும் அனுமதி உள்ள எக்ஸ்டென்ஷன் யார் கையில் இருக்கிறது என்பது ஒரே நாளில் மாறலாம், நமக்குத் தகவல் வராது. ஆண்டுக்கணக்கில் அப்டேட் ஆகாத, உருவாக்கியவர் யாரென்று தெரியாத எக்ஸ்டென்ஷன் குறைவான ரேம் எடுத்தாலும் நீக்கத் தகுந்ததுதான்.

அந்த வேலையை இன்று பிரவுசரே செய்கிறது. குரோமின் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரி சேவர் இருக்கிறது. உங்கள் 8 ஜிபிக்கு அதை மேக்ஸிமம் என்று வைக்கலாம். ஒரு டேப்பை அது உறங்கவைக்கும்போது பக்கம் மட்டும் போவதில்லை, அந்தப் பக்கத்தில் ஏறியிருந்த எல்லா எக்ஸ்டென்ஷன் நிரல்களும் சேர்ந்தே போகின்றன, அதனால்தான் இது இவ்வளவு பலன் தருகிறது. பாட்டு ஓடும் டேப், பாதி நிரப்பிய படிவம், டவுன்லோட் நடக்கும் டேப், ‘பின்’ (pin) செய்து நிலையாக வைத்த டேப் ஆகியவற்றை அது தொடாது. இங்கே ‘பின்’ செய்த டேப் என்பதைக் கவனியுங்கள்: ஏழெட்டு டேப்பை நிரந்தரமாக அப்படி வைத்திருந்தால் அவை ஒருபோதும் உறங்காது. எட்ஜில் 2021 முதல் ஸ்லீப்பிங் டேப்ஸ் என்ற பெயரில் இதே வசதி, எவ்வளவு நேரத்தில் உறங்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். ஃபயர்பாக்ஸ் 93 முதல் விண்டோஸில் ரேம் தீரும் நிலைக்கு வரும்போது தானாகவே பழைய டேப்புகளை இறக்கிவிடுகிறது.

அதே செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்கும் ஒருமுறை போய், குரோமை மூடியபின்னும் பின்னணிச் செயலிகள் ஓடலாம் என்ற தேர்வை அணைத்துவிடுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் சாளரத்தை மூடியபின்னும் சில எக்ஸ்டென்ஷன்கள் விடாது.

அலுவலக வேலைக்கு என்று மட்டும் தேவைப்படும் எக்ஸ்டென்ஷன்கள் இருந்தால், குரோமில் தனி புரொஃபைல் தொடங்கி அவற்றை அங்கே வையுங்கள். வீட்டு புரொஃபைலில் விளம்பரத் தடுப்பானும் பாஸ்வேர்டு மேனேஜரும் மட்டும் இருக்கட்டும். ஆனால் இரண்டு புரொஃபைலையும் ஒரே நேரத்தில் திறந்துவைத்தால் இரண்டிலும் உள்ள எக்ஸ்டென்ஷன்கள் தனித்தனியே ஓடும், அப்போது இந்த ஏற்பாட்டில் லாபம் இல்லை. அலுவலகக் கணினியில் நீக்கவே முடியாதபடி சில எக்ஸ்டென்ஷன்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் அவை நிர்வாகியின் கட்டளையால் நிறுவப்பட்டவை, அவரிடம்தான் பேச வேண்டும். சொந்தக் கணினியில் ‘உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்று வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள். ஆன்டிவைரஸோ வேறு ஏதோ மென்பொருளோ அதைச் செய்திருக்கும், கெட்ட மென்பொருளாகவும் இருக்கலாம்.

ரேம் 90 சதவீதம் என்ற எண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். சும்மா கிடக்கும் ரேமால் யாருக்கும் பயன் இல்லை, பிரவுசர் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் கமிட்டட் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உங்கள் மொத்த ரேமைவிட மிகவும் தாண்டிப் போய், அதே நேரம் டிஸ்க்கும் நூறு சதவீதத்தில் ஓடினால் அதுதான் ஆபத்தான நிலை, ரேமில் இடமில்லாமல் டிஸ்க்கைக் கடன் வாங்குகிறது என்று பொருள். உங்கள் லேப்டாப்பில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால், எழுத்து திணறுவதற்கு அந்தக் கடன்தான் நேரடிக் காரணமாக இருக்கும், எஸ்எஸ்டி மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

என் கணக்குப்படி உங்களிடம் மிஞ்ச வேண்டியவை ஐந்து, விபிஎன் உண்மையிலேயே வேண்டுமென்றால் ஆறு: யூபிளாக் ஆரிஜின் லைட்டும் பாஸ்வேர்டு மேனேஜரும் எல்லா இடத்திலும், இலக்கணத் திருத்தமும் டார்க் மோடும் குறிப்பிட்ட தளங்களில், வீடியோ டவுன்லோடர் ஆன் கிளிக்கில். இப்படி அமைத்து இரண்டு நாள் வழக்கம்போல் வேலை செய்துவிட்டு, குரோமின் டாஸ்க் மேனேஜரை மெமரி வரிசையில் அடுக்கி மேலே வரும் பத்து வரிகளைக் குறித்து அனுப்புங்கள். அந்தப் பத்தில் எக்ஸ்டென்ஷன் ஒன்றும் இல்லாமல் திரையில் படங்களை வரையும் ஜிபியு புராசஸோ குறிப்பிட்ட ஒரு தளமோ மட்டும் முன்னால் நின்றால் வேறு வழியில் பார்க்க வேண்டியிருக்கும், அதை அப்போது எழுதுகிறேன்.